திரும்பும் வழி: நீலகிரியில் பயிரும் நிலமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் இடையிடையே சொன்னவை சில நீக்கப்பட்டுள்ளன; வாதத்தின் வரிசை மாறவில்லை.)

வேளாண்மையும் மாறிவரும் நிலப் பயன்பாடும் என்ற பரந்த தலைப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். தமிழ்நாடு முழுவதையும் ஒரு மணி நேரத்தில் சுற்றிவந்தால் எதையும் உருப்படியாகப் பார்த்ததாகாது. ஆகவே ஒரே மாவட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். நீலகிரி சிறிய மாவட்டம். ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர், ஆறு வட்டங்கள், பாதிக்கு மேல் காடு. மிச்சமிருக்கும் நிலத்தில் இருநூறு ஆண்டுகளுக்குள் பயிர் நான்கு முறை தலைகீழாக மாறியிருக்கிறது. சமவெளியில் ஆயிரம் ஆண்டு நெல் விளைந்த ஊர்கள் உண்டு. இங்கே தாத்தா போட்ட பயிரைப் பேரன் போட்டதில்லை. நில மாற்றத்தைப் படிக்க விரும்புவோருக்கு இதைவிடத் தெளிவான இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் எண்ணம்.

நீலகிரியைப் பற்றி இரண்டு வகைப் பேச்சுகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, பொன்னான புல்வெளியும் சோலையும் அழிந்துபோன கதை. மற்றொன்று, வெறும் புல் கிடந்த மலையில் தேயிலையும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் வந்த கதை. இரண்டுமே இன்றைக்கு நிலத்தில் என்ன நிற்கிறது என்பதை மட்டும் பார்க்கின்றன. நான் வேறொரு கேள்வியை முன்வைக்கிறேன். இன்று நிலத்தில் இருப்பது தவறென்று நாளை தெரிந்தால், அதிலிருந்து திரும்பிவர எத்தனை காலமாகும், செலவை யார் தாங்குவார்? இந்தக் கேள்வியோடு நீலகிரி வரலாற்றைப் படித்தால் ஒரு போக்கு புலப்படும். ஒவ்வொரு மாற்றத்திலும் திரும்பும் வழி குறுகியிருக்கிறது. குறுகக் குறுக, அதன் சுமை அந்த முடிவில் மிகக் குறைந்த பங்குள்ளவர் தலையில் இறங்கியிருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி நேரம் சான்றுகளுக்கும் மறுப்புகளுக்கும்.

1.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிய 1819-க்கு முன் இங்கே நிலம் இரண்டு விதமாகப் பயன்பட்டது. தோடர்களின் எருமைகள் உயர்ந்த புல்வெளிகளில் மேய்ந்தன. படுகர்கள் ஹட்டிகள் எனும் தம் ஊர்களைச் சுற்றிச் சாமை, கொறலி, கேழ்வரகு ஆகியவற்றை விதைத்தார்கள். ஒரு துண்டு நிலத்தில் சில ஆண்டு விதைத்துவிட்டு, பல ஆண்டு புல்லுக்கு விட்டுவிடுவார்கள். கோத்தர்கள் இரும்பும் மண்பாண்டமும் தந்தார்கள். குறும்பர்கள் காட்டுப் பொருள்கள் தந்தார்கள். தானியம் இவர்களுக்கிடையே பங்காகப் போயிற்று. இதைப் பொற்காலமாகக் காட்ட நான் விரும்பவில்லை. விளைச்சல் சொற்பம். யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதில் உயர்வு தாழ்வு இருந்தது. மழை பொய்த்த ஆண்டில் பட்டினியும் இருந்தது. ஆனால் என் கேள்விக்கு இந்த ஏற்பாடு மிக எளிதாக விடை சொல்கிறது. விதைத்தது தவறென்று தெரிந்தால் அடுத்த பருவத்தில் விட்டுவிடலாம். புல் தானாக வரும்.

ஆங்கிலேய வருவாய்த்துறைக்கு இந்த ஓய்வு நிலம் புரியவில்லை, அல்லது புரிந்தும் பிடிக்கவில்லை. சாகுபடி செய்த துண்டுக்கு மட்டும் வரி கட்டிக்கொண்டு சுற்றியுள்ள நிலத்தை மாற்றி மாற்றி உழும் உரிமை படுகர்களுக்கு வெகுகாலம் இருந்தது. 1860-களில் அந்த முறை நீக்கப்பட்டது. உழவர் தம் சர்வே எண்ணுக்குள் கட்டுப்பட்டார். மிச்ச நிலம் அரசின் தரிசானது. தரிசென்று எழுதிய பிறகு அதில் எதையும் நடலாம். 1843-லேயே வந்துவிட்ட கற்பூர மரமும் (யூகலிப்டஸ்), தோல் பதனிடும் பட்டைக்காக வந்த சீகை மரமும் (வாட்டில்) புல்வெளியில் ஏறின. காப்பி வந்தது. 1860-இல் தொட்டபெட்டாவிலும் பிறகு நடுவட்டத்திலும் சிங்கோனா வந்தது. ஜாவாவின் மலிவான பட்டை சந்தைக்கு வந்ததும் சிங்கோனா விழுந்தது. இலைத்துரு நோய் காப்பியை அடித்தது. அந்தத் தோல்விகளைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் தோட்டத் துரைமார்களும் அரசும்தான். முதலீடு போனது, வேறு பயிருக்கு மாறினார்கள். அந்தக் கட்டத்தில் தவறின் விலையைத் தவறு செய்தவரே கொடுத்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இது மாறுகிறது.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீகை மரத்தின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டித் தீ வைத்தால் முன்னைவிட அடர்த்தியாக முளைக்கும். புல்வெளியைத் திரும்பக் கொண்டுவர இப்போது வனத்துறை பாடுபடுகிறது. அன்று நடச் செலவானது சில நாற்றுக் கூலி. இன்று எடுக்க ஆகும் செலவுக்குக் கணக்குப் போட்டால் மலைப்பு வரும்.

2.

உருளைக்கிழங்கு சல்லிவன் காலத்திலேயே மலைக்கு வந்துவிட்டது. ஆனால் அதை மலையின் பயிராக்கியவர்கள் படுகச் சிறு விவசாயிகள். நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று ஆண்டுக்கு மூன்று பட்டங்கள். சமவெளியில் கிழங்கு இல்லாத மாதங்களில் ஊட்டிக் கிழங்கு கிடைத்ததால் நல்ல விலை போயிற்று. ஆனால் மூட்டை மேட்டுப்பாளையம் இறங்கிய பிறகு விலை சொல்பவர் கமிஷன் மண்டிக்காரர். விதைக்கும் உரத்துக்கும் முன்கடன் கொடுத்தவரும் அவரே. படுகர் தலைவர் ராவ் பகதூர் ஆரி கவுடர் முன்னின்று 1935-இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தைத் தொடங்கியது இந்தப் பிடியைத் தளர்த்தத்தான். விவசாயியின் மூட்டை விவசாயியின் சங்கத்தில் ஏலம் போகட்டும் என்ற எளிய எண்ணம். மலையின் வேளாண் வரலாற்றில் இதைவிட முக்கியமான நிறுவனம் வேறில்லை என்பேன்.

உருளைக்கிழங்கு ஒரு பருவப் பயிர். விலை விழுந்தால் அடுத்த பட்டத்தில் கோஸோ பூண்டோ போடலாம். இவ்வளவு எளிதாகத் திரும்பக்கூடிய பயிரிலும் திரும்ப முடியாத ஒன்று ஒளிந்திருந்தது. 1961-இல் ஊட்டிப் பகுதியில் பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜோன்ஸ் அதைக் கண்டார். பொன்னிற நூற்புழு என்று வேளாண்துறையினர் சொல்வார்கள். வாடிய செடியைப் பிடுங்கி வேரை வெளிச்சத்தில் பிடித்தால் குண்டூசித் தலையைவிடச் சிறிய மஞ்சள் மணிகள் ஒட்டியிருப்பது தெரியும். அவை பெண் புழுக்கள். பிறகு பழுப்பாகிக் கெட்டித்து மண்ணில் உதிரும். ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கான முட்டைகள். உருளைக்கிழங்கு இல்லாமலே இருபது ஆண்டுகூட அவை காத்திருக்கும். செருப்பில், மண்வெட்டியில், விதைக்கிழங்கில் ஒட்டி அடுத்த காட்டுக்குப் போகும். 1971-இல் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. முத்தோரையில் 1957 முதல் இயங்கிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து புழுவைத் தாங்கும் குப்ரி ஸ்வர்ணா போன்ற ரகங்கள் வந்தன. ஆனாலும் மண்ணுக்குள் போனது போனதுதான். விதைக்கிழங்கு வணிகம் என்ற ஒரு வாசல் மூடியது, விளைச்சல் குறைந்தது, மருந்துச் செலவு ஏறியது. அடுத்த மாற்றத்துக்கு நிலம் தயாரானது இப்படித்தான்.

3.

தேயிலைக்கு இப்போது வருகிறேன். நீலகிரியின் இன்றைய நிலப் பிரச்சினைக்குச் சாவி இங்கேதான் இருக்கிறது. ஆகவே இங்கே சற்று நேரம் நிற்க வேண்டும்.

பெருந்தோட்டங்களில் தேயிலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. சிறு விவசாயியின் காட்டுக்குள் அது பெருவாரியாகப் புகுந்தது 1960-களுக்குப் பிறகு. காரணங்கள் எல்லாம் நியாயமானவை. நூற்புழு இல்லை. ஆண்டுதோறும் விதை வாங்க வேண்டியதில்லை. ஒருமுறை நட்டால் மூன்றாம் ஆண்டிலிருந்து இலை வரும். மாதாமாதம் கையில் பணம் வரும். குழந்தைகளைப் படிக்கவைக்க இது பெரிய வசதி. சரிவில் கிழங்கு தோண்டினால் மண் அரிக்கும், தேயிலை நட்டால் மண் நிற்கும் என்று துறையினரும் எடுத்துச் சொன்னார்கள். 1970-களின் நடுவில் தொடங்கிய மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தின் வழியே நாற்றுகளும் கிடைத்தன. நில உச்சவரம்புச் சட்டத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குத் தனிச் சலுகை இருந்தது. சிறு விவசாயிகளுக்கெனக் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றின் இணையமான இன்ட்கோசர்வ் 1965-இல் உருவானது. தனியார் தொழிற்சாலைகளும் இலை வாங்கப் போட்டி போட்டன. அப்போது குன்னூர் ஏலத்தில் போட்டதையெல்லாம் எடுத்துக்கொள்ள ஒரு பெரும் வாடிக்கையாளர் இருந்தார்: சோவியத் ஒன்றியம்.

1991-இல் அந்த வாடிக்கையாளரே இல்லாமல் போனார். ரஷ்யா தொடர்ந்து சில ஆண்டு வாங்கியது. ஆனால் தரத்தைப் பெரிதாகப் பாராமல் மொத்தமாக எடுத்துக்கொண்ட பழைய ஏற்பாடு போய்விட்டது. 1998-க்குப் பிறகு விலை சரிந்தது. இந்திய - இலங்கைத் தடையில்லா வணிக ஒப்பந்தம் 2000-இல் நடைமுறைக்கு வந்தபோது மலையில் எழுந்த போராட்டத்தைச் சிலர் நினைவில் வைத்திருப்பீர்கள். அரசு மானியம் தந்தது. ரேஷன் கடைகளில் ‘ஊட்டி டீ’ விற்றது. விலை அவ்வப்போது எழுந்து மறுபடி படுத்தது. 2023-இலும் கட்டுபடியாகும் விலை கேட்டு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கால் நூற்றாண்டாக ஒரே கோரிக்கை.

இங்கே என் கேள்வியைப் போடுங்கள். விலை போன பிறகு விவசாயி ஏன் பயிரை மாற்றவில்லை? உருளைக்கிழங்காக இருந்தால் மாற்றியிருப்பார். தேயிலைச் செடி ஐம்பது அறுபது ஆண்டு சாதாரணமாகப் பலன் தரும். நூறாண்டு தாண்டிய செடிகளிலும் கொழுந்து பறிக்கிறார்கள். ஆழ வேரோடிய செடியைச் சரிவிலிருந்து பிடுங்கினால் முதல் மழையில் மேல்மண் ஓடிவிடும். பிடுங்கக் கூலி, படிக்கட்டு வரப்பு போடக் கூலி, தண்ணீர் வசதி, முதல் பட்டத்துக்கு விதையும் உரமும் என்று எல்லாம் சேர்ந்த தொகை அரை ஏக்கர் ஒரு ஏக்கர்காரரிடம் இருக்காது. செடியை நடத் திட்டம் இருந்தது, மானியம் இருந்தது. எடுத்துவிட்டு வேறு பயிருக்குப் போகத் திட்டமில்லை.

செடி மட்டும் அவரைக் கட்டிப்போடவில்லை, இலையும் கட்டிப்போடுகிறது. காலையில் பறித்த பச்சைத் தேயிலை அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். சாக்கில் அமுங்கிக் கிடந்தால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த இலை தள்ளுபடி. கிழங்கை விலைக்காக ஒரு வாரம் வைத்திருக்கலாம், இலையை ஓர் இரவு வைத்திருக்க முடியாது. நான்கு கிலோவுக்கு மேல் இலை போட்டால் ஒரு கிலோ தூள் வரும். அந்தத் தூள் ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்பதை வைத்துத் தேயிலை வாரியம் மாதந்தோறும் இலைக்குச் சராசரி விலை அறிவிக்கிறது. 2003-ஆம் ஆண்டுத் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, தூள் விற்ற பணத்தில் நூற்றுக்கு 65 இலை கொடுத்தவருக்கு, 35 தொழிற்சாலைக்கு. காகிதத்தில் நல்ல பங்கீடு. ஆனால் விலை இறங்கும்போது விவசாயியின் 65 இறங்குகிறது. அவருடைய பறிப்புக் கூலியும் உர விலையும் இறங்குவதில்லை. இன்று கொடுத்த இலைக்கு என்ன விலை என்று உறுதியாகத் தெரியாமலே மறுநாளும் பறித்துக் கொடுக்கிறார். விற்பவருக்கு மறுக்கும் உரிமை இல்லாத சந்தை இது.

இலையின் தரம் கெட்டதுதான் விலை விழக் காரணம் என்று தொழிற்சாலைத் தரப்பில் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கையால் கிள்ளியது போய், கத்தரியாலும் இயந்திரத்தாலும் வெட்டுகிறார்கள். முற்றிய இலையும் காம்பும் சேர்ந்து வருகின்றன. ஆனால் நல்ல இலைக்கும் முற்றிய இலைக்கும் எடைமேடையில் பெரிய விலை வேறுபாடு கிடைக்காதபோது, இரட்டைக் கூலி கொடுத்து எவர் கிள்ளுவார்? தரக்குறைவு விலைச் சரிவின் காரணமாக இருப்பதைவிட அதன் விளைவாகவே அதிகம் இருக்கிறது.

4.

கூடலூர், பந்தலூர் பக்கம் கதை வேறு மாதிரி. அந்த நிலம் பெரும்பாலும் நிலம்பூர் அரச குடும்பமான கோவிலகத்தின் ஜென்ம நிலம், அதாவது பரம்பரை உடைமை. 1969-இல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தது. ஏறத்தாழ 80,000 ஏக்கர் பற்றிய கேள்வி அது. குத்தகைத் தோட்டங்கள் பற்றிய பதினேழாம் பிரிவு நீதிமன்றங்களில் பத்தாண்டு பத்தாண்டாக இழுபட்டது. இதற்கிடையில் கேரளத்திலிருந்து குடியேறியவர்கள், 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்கள், முன்பிருந்தே வாழும் பணியர், முள்ளுக்குறும்பர் என்று எல்லோரும் எல்லை தெளிவில்லாத நிலத்தில் வாழ்ந்தார்கள். பட்டா இல்லாத நிலத்தில் ஒருவர் என்ன நடுவார்? கிழங்கோ காய்கறியோ போட்டால் அறுவடையோடு அனுபவச் சான்றும் மறைந்துவிடும். தேயிலையும் காப்பியும் மிளகும் ஆண்டுக்கணக்கில் நின்று சாட்சி சொல்லும். உரிமை உறுதியில்லாத இடத்தில் திரும்ப முடியாத பயிரே பாதுகாப்பான பயிராகிவிடுகிறது. சட்டத்தின் தாமதம் நிலப் பயன்பாட்டைத் தீர்மானித்ததற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. நாட்டின் வனச் சட்ட நடைமுறையையே மாற்றிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு, அந்தக் கோவிலகத்தைச் சேர்ந்தவர் 1995-இல் கூடலூர்க் காடுகளுக்காகத் தொடுத்தது என்பதும் தற்செயலன்று.

தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-இல் அரசே வனநிலத்தில் தேயிலை நட்டது. அதுவே பிறகு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீ ஆனது. நட்டத்தில் ஓடியதால் 2022-இல் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்டத்தை வனத்துறையிடமே திருப்பித்தர அரசு முடிவெடுத்தது. நிலத்தைப் பொறுத்தவரை நல்ல முடிவாக இருக்கலாம். அரசு ஓர் ஆணையால் திரும்பிவிட முடிகிறது. ஆனால் லைன் வீட்டில் இரண்டு தலைமுறையாக இருக்கும் தொழிலாளி எங்கே திரும்புவார்? ஏற்கெனவே ஒரு நாட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர் அவர்.

5.

கடைசி மாற்றம் கட்டடம். இலை விலை பறிப்புக் கூலிக்கே போதாத ஆண்டில், சாலையோரத் தேயிலைக் காட்டுக்கு நகரத்திலிருந்து வருகிறவர் சொல்லும் விலையை மறுக்க விவசாயியிடம் காரணம் ஏதும் மிஞ்சுவதில்லை. தேயிலை போகிறது, காட்டேஜ் வருகிறது. இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. 1993-இன் மாஸ்டர் பிளான் கட்டட உயரத்தை ஏழு மீட்டராகவும் பரப்பை 1,500 சதுர அடியாகவும் கட்டுப்படுத்தியது. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி வேண்டும். நீதிமன்றங்கள் முத்திரை வைக்க உத்தரவிட்டிருக்கின்றன. சீகூர் யானை வழித்தடத்தை 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது; 2024 மே முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. இவ்வளவு இருந்தும் சரிவுகளில் கட்டடம் கட்டுவது நிற்கவில்லை. சட்டம் வாங்குபவரைப் பார்த்துப் பேசுகிறது. விற்பவரைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. விற்கும் கட்டாயத்தை அப்படியே வைத்துக்கொண்டு கட்டும் உரிமையை மட்டும் குறைத்தால், நிலம் கைமாறுவது நிற்காது, மலிவாகக் கைமாறும்.

சுற்றுலா வருமானத்தோடு எந்தப் பயிரும் போட்டி போட முடியாது, இலைக்கு எவ்வளவு விலை கொடுத்தாலும் நிலம் கட்டடமாகத்தான் மாறும் என்பது இதற்குச் சொல்லப்படும் வலுவான மறுப்பு. சாலையோரத்து நல்ல காட்சியுள்ள நிலத்துக்கு அது பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலையின் பெரும்பாலான தேயிலை, காட்சிக்கோ சாலைக்கோ அருகில் இல்லை. அங்கே நிலம் விற்பனைக்கு வருவதற்கு முன் இன்னொரு கட்டம் உண்டு: கவாத்து இல்லாமல், உரமில்லாமல் செடி மேலே ஓடிக் காடாகிக் கிடக்கும். வாங்க ஆள் வரும்முன்பே பயிர் கைவிடப்பட்டிருக்கிறது. அந்தக் கைவிடலைச் சுற்றுலாவின் கணக்கில் எழுத முடியாது.

இளைஞர்கள் படித்துவிட்டுப் போகிறார்கள், விலை கொடுத்தாலும் உழ மாட்டார்கள் என்பது இன்னொரு மறுப்பு. 2001-இல் 7,62,141-ஆக இருந்த நீலகிரியின் மக்கள்தொகை 2011-இல் 7,35,394-ஆகக் குறைந்தது. அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டில் மக்கள்தொகை குறைந்த மாவட்டம் இது ஒன்றுதான். இந்த இறக்கத்துக்குப் பல காரணங்கள் உண்டு. தேயிலை விலை ஒன்றின் மேல் போட்டுவிட மாட்டேன். ஆனால் விலை சரிந்த பத்தாண்டும் ஊர் காலியான பத்தாண்டும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, படிப்புதான் காரணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படித்த பிள்ளைகள் கோயம்புத்தூர், திருப்பூர் போவதற்கு முன் வீட்டுக் கணக்கையும் பார்த்திருப்பார்கள்.

தேயிலையும் ஒரு காலத்தில் சோலையையும் புல்லையும் அழித்து வந்ததுதானே, அதைக் காப்பாற்ற நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சூழலியல் நண்பர்கள் கேட்பார்கள். தேயிலை புனிதம் என்று நான் சொல்லவில்லை. தேயிலை நிலத்தை ஐந்தாறு ஆண்டு உழைப்பில் காய்கறிக்கோ, ஓரளவு காட்டு மரத்துக்கோ திருப்பலாம். மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்து கான்கிரீட் போட்ட இடத்தை எதற்கும் திருப்ப முடியாது. 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்திப் பகுதிகளில் சரிவுகள் விழுந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இப்படி மழை பெய்யும் மலையில், வெட்டிய சரிவு வெட்டிய சரிவாகவே நிற்கும்.

6.

அப்படியானால் காய்கறிக்குத் திரும்புவதுதான் வழியா? சிலர் திரும்பியிருக்கிறார்கள். கேத்தி, முத்தோரை, நீலகிரியிலேயே உள்ள கொல்லிமலை ஆகிய பள்ளத்தாக்குகளில் கேரட் நல்ல பணம் தருகிறது. ஆனால் அந்தப் பயிர் என்ன கேட்கிறது என்று பாருங்கள். மூன்றரை மாதப் பயிர். தண்ணீர் வேண்டும், எரு வேண்டும், மருந்து வேண்டும். காலை ஏலத்துக்கு லாரி மேட்டுப்பாளையம் போய்ச் சேர வேண்டுமென்பதால், பல இடங்களில் நள்ளிரவில் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு கூலிக்காரர்கள் உறைபனியில் கேரட் பிடுங்கியிருக்கிறார்கள். காட்டெருமையும் கரடியும் உலவும் இடம் அது. பிடுங்கியதை ஓடையருகே உள்ள இயந்திரத்தில் கழுவி மூட்டை கட்டுவார்கள். கழுவிய சேற்று நீர் ஓடைக்குப் போகும். அதோடு, பள்ளத்தாக்குக்குத்தான் இது பொருந்துகிறது. செங்குத்துச் சரிவில் கேரட் போட்டால் மண் தங்காது. ஆகவே கேரட்டை எல்லோருக்குமான மாற்றாகச் சொல்வதற்கில்லை. எந்த ஒரே பயிரையும் சொல்வதற்கில்லை. மலை முழுக்க ஒரே பயிரைப் பரிந்துரைத்ததுதான் நம் பழைய தவறு.

என் பரிந்துரை பயிரைப் பற்றியதன்று. நிலப் பயன்பாட்டுச் சட்டங்கள் வேளாண் நிலம், வேளாண் அல்லாத நிலம் என்று இரண்டே பெட்டி வைத்திருக்கின்றன. முதல் பெட்டிக்குள் கேரட்டும் தேயிலையும் சீகைத் தோப்பும் ஒன்றாகக் கிடக்கின்றன. திரும்பும் காலத்தின் வேறுபாடு அதில் இல்லை. ஆகவே நீண்டகாலப் பயிருக்கு நாற்றும் மானியமும் தரும் எந்தத் திட்டமும், அந்தப் பயிரிலிருந்து வெளியேறவும் ஒரு பங்கை அன்றே ஒதுக்கிவைக்க வேண்டும். நடுவதற்கு ஹெக்டேருக்கு இவ்வளவு என்றால், பின்னாளில் பிடுங்கி வரப்பு போட இவ்வளவு என்று. இலை விலையில் விவசாயியின் பங்குக்கு உற்பத்திச் செலவை ஒட்டிய ஓர் அடித்தளம் வேண்டும். 65 விழுக்காடு என்பது பூஜ்யத்தின் 65 ஆகிவிடக் கூடாது. கூடலூரில் குடியிருப்போர் உரிமைக் கணக்கைத் தீர்க்காமல் அங்கே எந்தப் பயிர்க் கொள்கையும் எழுதுவது வீண். அடித்தள விலை கொடுத்தால் உற்பத்தி பெருகி விலை மேலும் விழும் என்று பொருளியலார் எச்சரிப்பார்கள். நியாயமான அச்சம். அதனால்தான் வெளியேறும் நிதியையும் அடித்தள விலையையும் சேர்த்தே சொல்கிறேன். ஒன்றில்லாமல் மற்றது கெடுதலே செய்யும்.

முடிக்கும்முன் ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இங்கே நான் சொன்னவை மாவட்ட அளவிலான வரைகோடுகள். ஒரு ஹட்டியின் அளவில் இதைச் சோதித்தால்தான் இது நிற்குமா விழுமா என்று தெரியும். அதற்கான ஆவணம் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் இருக்கிறது. பசலிதோறும் சர்வே எண் வாரியாக என்ன பயிர் என்று அதில் எழுதியிருப்பார்கள். முந்தைய ஆண்டு எழுதியதையே திரும்ப எழுதிய ஆண்டுகளும் உண்டு. அதையும் கண்டுபிடிக்க வேண்டியது உங்கள் வேலை. கோத்தகிரி வட்டத்தில் ஒரு கிராமம், குந்தாவில் ஒன்று, பந்தலூரில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 1970-களிலிருந்து ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த ஆண்டில் கிழங்கிலிருந்து தேயிலைக்குப் போயிற்று, எந்த ஆண்டில் கைமாறியது என்று வரிசைப்படுத்துங்கள். பத்திரப் பதிவு அலுவலகத்து விற்பனைத் தேதிகளை இலை விலை விழுந்த ஆண்டுகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் கருத்து தவறென்று அந்தக் கணக்கு காட்டினால், அடுத்த ஆண்டு இதே மேடையில் வந்து சொல்லுங்கள்.